ராத்திரி எத்தனை மணி வரைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து நாற்பது. ஏகாம்பரம் வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது டீப்பாய் மேல் கிடந்த இரண்டு பஞ்சாங்கங்களை. ஒன்று தமிழ், மஞ்சள் அட்டை. மற்றது ஒடியா, சிவப்பு அட்டை, ஓரமெல்லாம் மடங்கியது. நடுவில் ஒரு தட்டு முறுக்கு. யாரும் தொட்டிருக்கவில்லை.

இடது பக்க சோபாவில் ஏகாம்பரம். எதிர் சோபாவில் தலையில் முந்தானையைப் போர்த்தியபடி சாபித்ரி அம்மா. நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்: ஒன்றில் ஏகாம்பரத்தின் மகள் ரேவதி, மற்றதில் சாபித்ரி அம்மாவின் மகன் சுசாந்த். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. சுசாந்துக்கு மட்டும் வேர்த்திருந்தது.

"வாங்க பேப்பரம்மா" என்றார் ஏகாம்பரம். "நீங்களே கேளுங்க இந்த நியாயத்த."

நான் இருந்தது இவர்கள் வீட்டு மாடியில். செய்தித்தாள் வேலையை விட்டுவிட்டு, ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு அறிவிப்புப் பலகைகளைத் தமிழாக்கித் தரும் வேலைக்காகச் சிங்கப்பெருமாள் கோவிலில் வீடு பிடித்திருந்த காலம். பத்திரிகையில் இருந்தவள் என்பதால் அந்தத் தெருவில் எனக்குப் பெயர் பேப்பரம்மா. ஏகாம்பரம் ஸ்டேஷனிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். வீட்டின் பின்புற அறைகளை ஒடிசாவிலிருந்து வந்த பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். சுசாந்த் அவர்களில் ஒருவன்.

ரேவதியும் அவனும் ஒரே உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். அவன் லைனில் செய்து அனுப்புவதை அவள் அளந்து பார்ப்பாள். அவன் அனுப்பிய முதல் பெட்டியை அவள் அப்படியே திருப்பி அனுப்பினாள் என்று இருவரும் பெருமையாகச் சொல்வார்கள். கல்யாணத்துக்கு இரு வீட்டிலும் சம்மதம் வாங்கி முடித்தாயிற்று. நாளும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. வைகாசியில் ஒரு புதன், இல்லையென்றால் அதற்கு மறுநாள் வியாழன்.

முட்டிக்கொண்டது நேரத்தில்.

ரெண்டு ஷோ

ஒடிசாவில் சாபித்ரி அம்மாவின் ஊரில் கல்யாணம் என்றால் ராத்திரிதான். அவர்கள் பூசாரி புதன் இரவு எட்டு மணியைக் குறித்துக் கொடுத்திருந்தார். ஏகாம்பரத்துக்கு வியாழன் காலை ஏழரை முதல் ஒன்பது.

"ராத்திரில தாலி கட்டினா இன்னா சொல்வானுங்க?" என்றார் ஏகாம்பரம். "ஓடிப்போய் கட்டிக்கினா, அப்பன் மூஞ்சிய மறைக்கிறதுக்கு இருட்டுல வச்சிக்கிறான்னு சொல்வானுங்க. நான் ஸ்டாண்டுல வண்டி போடவா வேணாமா?"

ரேவதி இதை ஒடியாவில் சொன்னாள். லைனில் கற்ற ஒடியா. சாபித்ரி அம்மா நிதானமாகக் கேட்டுவிட்டு, நிதானமாகப் பதில் சொன்னார். அதை ரேவதி தமிழில் சொன்னாள்.

"அவங்க ஊர்ல பகல்ல பண்ணா, ரெண்டாந்தாரமா, இல்ல பொண்ணுக்கு எதாச்சும் கொறையா, அவசரமா முடிக்கிறாங்களான்னு கேப்பாங்களாம். அதோட கல்யாணம் ஆனதும் துருவ நட்சத்திரம் காட்டணும். பகல்ல எப்பிடிக் காட்டுவீங்கன்னு கேக்கறாங்க."

"நாங்களுந்தான் அருந்ததி காட்றோம்" என்றார் ஏகாம்பரம். "பகல்லியே காட்றோம்."

"தெரியுமான்னு கேக்கறாங்க."

ஏகாம்பரம் கொஞ்சம் யோசித்தார். "தெரியாது. தெரியுதுன்னு சொல்லணும்."

அடுப்படி வாசலில் நின்ற அவர் மனைவி மல்லிகா சிரித்துவிட்டார். சாபித்ரி அம்மாவுக்கு அது மொழிபெயர்க்கப்பட்டதும் அவரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஆனால் ஏகாம்பரமும் அவரும் சோபாவில் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

சுசாந்த் ஒரு வழி சொன்னான். ராத்திரி அவர்கள் முறைப்படி ஒரு தடவை, காலையில் இவர்கள் முறைப்படி ஒரு தடவை.

"ரெண்டு தபா கட்றதுக்கு அது இன்னாடா, சினிமாவா? ஈவினிங் ஷோ, மார்னிங் ஷோ?" என்றார் ஏகாம்பரம். "ராத்திரி குங்குமம் வச்சிட்டா அப்பவே கல்யாணம் ஆயிப்போச்சி. காலையில நான் யாருக்குத் தாலி எடுத்துக் குடுக்கறது, இன்னொருத்தன் பொண்டாட்டிக்கா?"

சாபித்ரி அம்மாவும் அதே காரணத்தை மறுபக்கத்திலிருந்து சொன்னார்.

மறுநாள் அவருக்கு ஊருக்கு ரயில். பதிலோடு போனால்தான் பத்திரிகை அடிக்க முடியும், சொந்தக்காரர்கள் டிக்கெட் போட முடியும். இல்லையென்றால் பேச்சு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பேசாமல் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாமே என்று ஒருமுறை மாடிப்படியில் ரேவதியிடம் கேட்டிருந்தேன். "எங்கப்பா, அவங்கம்மா ரெண்டு பேரும் வந்து நிக்கணும் ஆன்ட்டி. அதுக்குத்தான் இத்தினி வருஷம் பேசினு கீறோம்" என்றாள்.

எல்லோருக்கும் காதில்தான்

மல்லிகா டீ கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு தம்ளர் எடுத்துக்கொண்டோம். இந்த இடைவெளியில் நான் வேறு பக்கம் போய்வருகிறேன்.

சுசாந்தின் அறைப் பையன்கள் எழுந்ததும் ஒருவரை ஒருவர் கேட்பது, "கேத்தே பாஜிலா?" எத்தனை அடித்தது என்று அர்த்தம். இந்திக்காரர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். நாம் மணி என்கிறோம். அவர்களுடைய 'கண்டா'வும் மணிதான். நேரத்தை யாரும் கண்ணால் பார்த்ததாக வார்த்தை சொல்லவில்லை. காதால் கேட்டதாகத்தான் சொல்கிறது. இத்தனைக்கும் இந்த வட்டாரத்தில் இப்போது எந்தத் தொழிற்சாலையிலும் சங்கு ஊதுவதில்லை. வாசலில் ஒரு கருவி முகத்தைப் பார்த்து உள்ளே விடுகிறது. அடிக்காத மணியைத்தான் ஐந்து மொழிகளில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரிய மேலாளரோடு சில மாதம் வேலை பார்த்தேன். அவர்கள் மணிக்கு ஒருவகை எண்களையும் நிமிடத்துக்கு வேறுவகை எண்களையும் சொல்வார்கள். ஒரே நேரத்தைச் சொல்ல இரண்டு வாய்ப்பாடு எதற்கு என்று கேட்டேன். அவர் என்னை வெளியே பஸ் நிற்கும் இடத்துக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு பையன் போனில் கத்திக்கொண்டிருந்தான்: "ஏழு மணிக்கே வந்துட்டேன்டா, செவன் ஃபார்ட்டி பஸ்சு இன்னும் வரல!" மேலாளர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அதற்குப் பிறகு நான் அவரிடம் மொழி பற்றிக் கேட்கவில்லை.

செய்தித்தாளில் எங்களுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. மாலையில் நடப்பதை, அது நடந்துகொண்டிருக்கும்போதே 'நேற்று' என்று எழுதுவோம். படிப்பவர் கையில் காகிதம் மறுநாள் காலையில்தானே விரியும். பல வருஷம் அப்படி எழுதிய பழக்கத்தில், ஒருமுறை மதியச் சாப்பாட்டைப் பற்றி வீட்டில் "நேற்று சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். என் அம்மா பயந்துபோய்த் தட்டை எடுத்துவந்தார்.

முப்பது மணி வரை ஒரு நாள்

ரேவதியும் சுசாந்தும் வேலை பார்த்த இடம் ஜப்பான்காரர்களுடையது. அங்கே திட்டமிடும் பிரிவில் மோரி என்று ஒருவர். இரவு ஷிப்ட்டுக்கான அறிவிப்பு ஒன்றை மொழிபெயர்க்க என்னிடம் கொடுத்தார். "இயந்திரப் பராமரிப்பு: 25 மணி முதல் 26.30 வரை" என்று இருந்தது. பிழை திருத்திய கை சும்மா இருக்குமா, பேனாவை எடுத்தேன்.

அவர் தடுத்தார். தவறு இல்லை என்றார். நள்ளிரவு தாண்டி ஒரு மணிதான் இருபத்தைந்து. இரவு பத்துக்கு உள்ளே வந்தவன் காலை ஆறுக்கு வெளியே போகிறான்; அந்த ஆறு, முப்பது. அவர்கள் ஊரில் கடைப் பலகையில்கூட இப்படி எழுதுவது உண்டாம்.

"அவன் வேலை முடியவில்லை. அப்படியிருக்க நாள் மட்டும் எப்படி முடியும்?" என்றார்.

பலகையை அப்படியே எழுதினேன். தொழிலாளர்கள் ஒருவரும் அதை விநோதமாக நினைக்கவில்லை. புதன் ராத்திரி ஷிப்ட் என்றால் வியாழன் காலை ஆறு வரை அவர்களுக்கு அது புதன்தான். வியப்படைந்தது நான் ஒருத்திதான்.

மேல் அளவு, கீழ் அளவு

டீ முடிந்தது. ரேவதி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"எப்பா, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. காலையிலன்னா எத்தினி மணியிலேர்ந்து?"

"ஏழர ஒம்போது. அதான் சொன்னேனே."

"அது நீ குறிச்ச நேரம். அத்த வுடு. எத்தினி மணிக்குக் கட்டினா யாரும் ராத்திரின்னு சொல்ல மாட்டாங்க?"

அவள் வேலையில் எந்த உருப்படிக்கும் ஒரே அளவு என்று கிடையாது. இதற்குக் குறையக் கூடாது, இதற்கு மேல் போகக் கூடாது என்று இரண்டு அளவு. இடையில் எது வந்தாலும் சரி. அதைத்தான் இப்போது அப்பாவிடம் எடுத்தாள்.

ஏகாம்பரம் மனைவியைப் பார்த்தார். "நாலு, நாலரைக்கு மேல விடிகாலைதான்" என்றார் மல்லிகா. "நம்ப கல்யாணமே நாலர ஆறுதான. மறந்துட்டியா?"

"அது... மண்டபம் கெடைக்கல, அதனால."

"அதனால ராத்திரின்னு எவனாவது சொன்னானா?"

ஏகாம்பரம் ஒரு முறுக்கை எடுத்தார்.

ரேவதி எதிர்ப்பக்கம் திரும்பினாள். ராத்திரி எது வரைக்கும் என்று ஒடியாவில் கேட்டாள். சாபித்ரி அம்மாவுக்கு அது கேள்வியாகவே படவில்லை. காக்கை கத்துகிற வரை ராத்திரி. இதை யாராவது கேட்பார்களா என்பதுபோல் பதில் சொன்னார்.

"உங்க பூசாரி எட்டு மணி மட்டுந்தான் குடுத்தாரா?"

சுசாந்த் சிவப்பு அட்டையைப் புரட்டினான். அந்தப் பக்கத்தில் புதன்கிழமைக்கு நேராகப் பூசாரி இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஒன்று எட்டு மணி. மற்றது அதே புதன் இரவு, மூன்று ஐம்பது முதல் நாலு ஐம்பத்தைந்து வரை. அந்த நேரத்துக்குச் சமையல்காரன்கூட எழமாட்டான் என்று சாபித்ரி அம்மா அதைப் பேச்சிலேயே எடுக்கவில்லை.

நான் மஞ்சள் அட்டையைப் பிரித்தேன். வியாழன் காலை, நாலரை முதல் ஆறு. முகூர்த்தம்தான்.

"நாலரைலேர்ந்து நாலு ஐம்பத்தஞ்சு" என்றாள் ரேவதி. "எப்பா, உனக்கு அது விடிகாலை. அத்தைக்கு அது ராத்திரி. ரெண்டு பேருக்கும் லிமிட்டுக்குள்ளதான் கீது."

"எங்க கம்பெனில அது இருபத்தெட்டரை மணி மாமா" என்றான் சுசாந்த், உற்சாகத்தில்.

"இன்னா மணி?"

"நீ சும்மா இரு" என்றாள் ரேவதி.

ஏகாம்பரம் முறுக்கை மென்று முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம். "இருவத்தஞ்சு நிமிசந்தான் கீது" என்றார் கடைசியில். "ஐயர் இழுத்துக்கினே போனா?"

"இழுக்க வுடமாட்டேன்."

சாபித்ரி அம்மா இன்னும் ஒன்று கேட்டார். அந்த நேரத்தில் நட்சத்திரம் தெரியுமா?

"தெரியும்னு சொல்லு" என்றார் ஏகாம்பரம். "இந்த வாட்டி நெசமாவே தெரியும்."

சாபித்ரி அம்மா முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "சமுதி" என்றார். நம் சம்பந்திக்கு அவர்கள் சொல். இதை ரேவதி மொழிபெயர்க்கவில்லை. ஏகாம்பரம் இன்னொரு முறுக்கு எடுத்துக்கொண்டார்.

புதனா, வியாழனா

பத்திரிகைகள் அடித்து வந்தன. தமிழ்ப் பத்திரிகையில் வியாழன் அதிகாலை. ஒடியாப் பத்திரிகையில் புதன் இரவு. இரண்டையும் நான்தான் சரிபார்த்தேன். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு கிழமை. இரண்டிலும் பிழை இல்லை. அச்சகத்துக்காரர் மட்டும் மூன்று தடவை போன் செய்தார்.

தவறு தெரியவந்தது கல்யாண வாரத்தில், செவ்வாயன்று. தொழிற்சாலையில் ஷிப்ட் பட்டியல் ஒட்டினார்கள். புதன் இரவு ஷிப்ட், இருபத்திரண்டு முதல் முப்பது மணி வரை: சுசாந்த், மூன்றாவது இயந்திரம். அவன் தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்து வியாழனிலிருந்து லீவு போட்டிருந்தான். இருபத்தெட்டரை மணி என்று மாமனாருக்கே சொல்லிக் கொடுத்தவன்தான். அவன் மட்டுமல்ல, அவனோடு வேலை பார்த்த பையன்கள் எல்லோரும் வியாழன் ராத்திரி ஷிப்ட்டுக்கு லீவு வாங்கியிருந்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையும் தோழர்களும் லைனில் நிற்பார்கள். கல்யாணம் முடிந்து பதினேழு மணி நேரம் கழித்து, எல்லோருக்கும் லீவு.

சூப்பர்வைசர் பாலுவிடம் அவன் போய் நின்றதை ரேவதி எனக்கு நடித்தே காட்டினாள்.

"டேய், ஒனக்குக் கல்யாணம் புதனா, வியாழனாடா?"

"அம்மாவுக்கு புதன் சார். மாமாவுக்கு வியாழன்."

"கம்பெனிக்கு?"

"...புதன் சார்."

"ஒனக்கு?"

"ரேவதிய கேட்டு சொல்றேன் சார்."

பாலு தலையில் அடித்துக்கொண்டாராம். அன்றைக்கே மாப்பிள்ளையை விடுவித்துவிட்டார். அவனோடு ஒரு தோழனையும். மூன்றாவது இயந்திரத்தில் தானே நிற்பதாகச் சொன்னார். மற்றவர்களை அனுப்ப வழியில்லை, ஷிப்ட் விட்டதும் வரட்டும் என்றார். "வியாழன் ராத்திரி ஒருத்தனும் இருக்க மாட்டீங்க இல்ல, அப்பவும் நானேதான் நிக்கணும். எனக்கு மொய் எழுதுங்கடா" என்றும் சொல்லியிருக்கிறார்.

நாலரை

ஸ்டேஷனுக்குக் கிழக்கே சின்ன மண்டபம். வாழைமரத்துக்கு மேலே இரண்டு பெரிய ஹாலஜன் விளக்குகள். மல்லிகைப் பூவும் புதுப் பெயின்ட்டும் கலந்த வாசனை. ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ராத்திரி நீண்டிருந்தது. ஏகாம்பரத்தின் சொந்தக்காரர்கள் குளித்து, தலையில் ஈரம் சொட்ட, நெற்றியில் விபூதியோடு வந்தார்கள். அவர்களுக்குப் பொழுது விடிந்திருந்தது. ஒரே வரிசை நாற்காலியில் ஒருவர் கொட்டாவி விட, பக்கத்தில் இருப்பவர் முகம் கழுவிய புத்துணர்ச்சியோடு இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாபித்ரி அம்மா பையிலிருந்து சங்கை எடுத்தார். ஏகாம்பரம் முகம் மாறியது. "அது வேணாம்னு சொல்லும்மா. நம்ப பக்கம் அத்த எதுக்கு ஊதுவாங்கன்னு சொல்லு." சொன்னார்கள். சாபித்ரி அம்மா சங்கை உடனே பைக்குள் வைத்துவிட்டார். பிறகு சுசாந்தின் இரண்டு சித்திகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு குலவையிட்டார். மேளக்காரர் ஒரு நொடி நிறுத்திப் பார்த்துவிட்டு, அதற்கேற்றபடி வேகத்தை ஏற்றினார்.

நாலு நாற்பத்தாறுக்கு ஒரு காக்கை கத்தியது.

தெளிவாக, மண்டப வாசலிலிருந்து. ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை. ஆனால் மேடையில் இருந்த எல்லோரும் சாபித்ரி அம்மாவைப் பார்த்தோம். ரேவதி மாலைக்குள்ளிருந்து கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள். ஏகாம்பரத்தின் கையில் தாலித் தட்டு. 

சாபித்ரி அம்மா வாசலில் எரிந்த ஹாலஜன் விளக்கைப் பார்த்தார். அதன் பக்கத்தில் வேப்பமரக் கிளையில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்தார். ஒடியாவில் ஏதோ சொன்னார். அவருடைய ஊர்ப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

சுசாந்த் தமிழில் சொன்னான்: "அது லைட்டப் பார்த்து கத்துது. பைத்தியம். கணக்கு இல்ல."

"நம்ப ஊர் காக்கா, அப்பிடித்தான் இருக்கும்" என்றார் ஏகாம்பரம். தட்டை நீட்டினார்.

நாலு நாற்பத்தொன்பதுக்குத் தாலி ஏறியது. பின்கதவைத் திறந்து வடக்கே காட்டினார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, தாழ்வாக, மங்கலாக ஒரு நட்சத்திரம். அது துருவம்தானா என்று நான் சாட்சி சொல்லமாட்டேன். நட்சத்திரம்தான். மல்லிகா ஏகாம்பரத்தை முன்னால் தள்ளி, "பாரு, நெசமாவே தெரியுது" என்றார்.

ஆறரைக்குக் கம்பெனி பஸ் மண்டப வாசலில் நின்றது. சீருடையோடு பையன்கள் இறங்கினார்கள். நேராகப் பந்தியில் உட்கார்ந்தார்கள். பொங்கல் மூன்று முறை வந்தது. ஒருவன் இலையிலேயே தூங்கிவிழப் பார்த்தான்; பக்கத்திலிருந்தவன் தோளால் தாங்கிக்கொண்டு தன் வடையைச் சாப்பிட்டான்.

இரண்டு நாள் கழித்துச் சாபித்ரி அம்மாவுக்குச் சென்னையிலிருந்து ரயில். அவருக்கு ஸ்டேஷன் படிக்கட்டு ஏற முழங்கால் ஒத்துழைக்காது. சென்ட்ரல் வரை ஏகாம்பரமே கொண்டுபோய் விட்டார். ஷேர் ஆட்டோவில் வழியில் வேறு யாரையும் ஏற்றவில்லை.